பதிவு எண் கேட்டுப் போன ட்வைலா

எங்கள் மாவட்டத்தில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும், யாருக்கு நெஞ்சை அடைத்தாலும், முதலில் காதில் விழுவது ட்வைலா ஹார்கிஸின் குரல்தான். அவசர அழைப்பு மையத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். "எங்க இருக்கீங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்பாள். மறுமுனையில் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் அவள் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "எங்கப்பா விழுந்தப்ப போன்ல பேசினது நீங்கதானே?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள், அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றில், மையத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில், பேசி முடித்த போனைக் காதிலிருந்து எடுக்காமல் கால் மணி நேரம் நின்றாள்.

எல்லாம் மார்லா ஆரம்பித்து வைத்தது.

மார்லா, ஜோனெல், டீனா, ட்வைலா நான்கு பேரும் கல்லூரி நாளிலிருந்து சிநேகிதிகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் கெளுத்தி மீன் வறுவல் சாப்பிடக் கூடுவார்கள். மார்லா வீடு விற்றுக் கொடுக்கிறவள்; அவள் சிரித்தால் அடுத்த மேசைக்காரர்களும் சிரிப்பார்கள். ஜோனெலுக்குப் பூக்கடை. டீனா எங்கள் ஊர் மெதடிஸ்ட் சபைப் போதகரின் மனைவி. நால்வரையும் சேர்த்து வைத்தது கல்லூரியில் அவர்கள் இருந்த பெண்கள் சங்கம், மியூ ஜீட்டா ரோ. அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சகோதரி என்பார்கள். சேர்ந்தால் சாகும்வரை சகோதரிதான். ஜோனெலும் டீனாவும் ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர்கள். ட்வைலாவும் மார்லாவும் தொண்ணூற்று நாலு நவம்பரில் சேர்ந்தார்கள்.

"அடியேய், வர்ற நவம்பரோட நாம நாலு பேரும் ஒண்ணாகி இருபத்தஞ்சு வருஷம்," என்றாள் மார்லா. "கேக் வெட்டி, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போற கதையெல்லாம் வேணாம். பச்சை குத்திக்கலாம்."

ஜோனெலுக்குக் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் டீ புரையேறியது. "உனக்கு முத்திப்போச்சுடி."

"கேளு. நம்ம சங்கத்துப் பூ, டாக்வுட். நாலு இதழ். நாம நாலு பேரு. அதுக்குக் கீழ அவங்கவங்க பதிவு எண். எவ்வளவு அம்சமா இருக்கும்!"

"என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா பிரசங்க மேடையில நிக்கறவர்," என்றாள் டீனா.

"அவரையா குத்திக்கச் சொன்னேன்? உன்னைத்தானே சொன்னேன்."

"பூ மட்டும் போதுமே," என்றாள் ஜோனெல். "எண்ணெல்லாம் எதுக்கு? யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"சான்றிதழ்ல இருக்குமே! அதைக்கூடத் தேடி எடுக்க வலிக்குதா உனக்கு?"

ஜோனெல் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தாள். அந்தக் கடையில் கொடுப்பது முள் எடுத்த மீன் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ட்வைலாவுக்கு முடிவெடுக்க முடியவில்லை. பச்சை குத்தல் என்றாலே அவளுக்கு அவள் அப்பாவின் கை ஞாபகம் வரும். கோழி அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த மனிதர். முழங்கைக்கு மேலே, ரோஜாப் பூவுக்கு நடுவில் 'ஷெர்லி' என்று குத்தியிருந்தார். ட்வைலாவின் அம்மா பெயர் நார்மா. முப்பத்தொரு வருடம் நார்மா அந்த ஷெர்லிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதனால் உடம்பில் எதையும் எழுதிக்கொள்வதில்லை என்று ட்வைலா பத்து வயதிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஆனால் சங்கம் வேறு. சக்கரம் கழற்றி நிறுத்திய டிரெய்லர் வீட்டிலிருந்து உதவித்தொகையில் கல்லூரிக்குப் போன பெண் அவள். காலையும் மாலையும் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவினாள். அவள் கழுவிய தட்டுகளில் சாப்பிட்ட பெண்கள் ஒருநாள் அவளைத் தாங்கள் சேர்ந்து தங்கியிருந்த சங்க வீட்டுக்குள் முன்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். அவளுக்கு வெள்ளை உடை போட்டு, கையில் மெழுகுவர்த்தி கொடுத்து, சகோதரி என்றார்கள். அன்று முதல் அவள் காரின் பின்கண்ணாடியில் சங்கப் பெயரின் மூன்று கிரேக்க எழுத்துகள் இல்லாமல் இருந்ததில்லை. கார் நான்கு மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர்கள் கூடும் நாளில் விடிகாலையில் எழுந்துபோய் முந்நூறு பேருக்கு அப்பத்துக்கு மாவு கலக்குவாள். அவள் அப்பா இறந்தபோது கறுப்பு உடையில் பத்தொன்பது சகோதரிகள் வந்து வரிசையில் நின்றார்கள். கோழி ஆலைக்காரர்கள் மலைத்துப் போனார்கள்.

இரண்டு வாரம் அவள் பால்பாயின்ட் பேனாவால் முன்கையில் அந்தப் பூவை வரைந்து வரைந்து பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது அழிந்துவிடும், மறுபடி வரைவாள். கணவன் ராய்ஸ், டிராக்டர் மெக்கானிக், மூன்றாம் நாள் கேட்டேவிட்டான்.

"என்ன அது, கோழிக்கால் மாதிரி?"

"பூ."

"பூவா? நல்லாத்தான் இருக்கு. கீழ என்ன கோடு?"

"பதிவு எண் வரும். இன்னும் பாக்கல."

"பூ போதும் செல்லம். எண்ணும் போட்டா, ஏலத்துக்குப் போற மாடு மாதிரி இருப்ப."

"உனக்குப் பொறாமை."

"ஆமா, எனக்கும் ஒரு மூக்கணாங்கயிறு வாங்கிக் குடு."

அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டாள், குத்திக்கொள்வது என்று. மார்லா சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். இனி எண் வேண்டும். சான்றிதழ் அவளிடம் எப்போதுமே இருந்ததில்லை. சேர்ந்த வருடம், தபாலில் தொலைந்துவிட்டது, வேறு அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்த ஜோனெல் சொன்னாள். பிறகு இருவருமே அதை மறந்துவிட்டார்கள் என்றுதான் ட்வைலா நினைத்திருந்தாள். அதனால் வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் வெளியே போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

எடுத்தது இளம் குரல். பணிவாகப் பேசியது.

"முழுப் பேர் சொல்லுங்க மேடம்."

"ட்வைலா ஜீன் ஹார்கிஸ். கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்காக்ஸ்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஹார்கிஸ்ல இல்ல. ஸ்காக்ஸ்ல… இல்லையே மேடம். எழுத்துக்கூட்டிச் சொல்றீங்களா?"

சொன்னாள். மூன்று விதமாக எழுதிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தன் கல்லூரியையும் சேர்ந்த வருடத்தையும் சொன்னாள்.

"பரவாயில்ல மேடம், வருஷத்தை வச்சுப் பாக்கலாம். தொண்ணூத்தி நாலு நவம்பர். உங்க கல்லூரிக் கிளை அனுப்பின தாள்ல பதினோரு பேர் இருக்காங்க. படிக்கட்டுமா?"

"பன்னெண்டு," என்றாள் ட்வைலா. "நாங்க பன்னெண்டு பேர். மெழுகுவர்த்தி பன்னெண்டு."

அந்தப் பெண் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் ட்வைலாவுக்குத் தெரிந்தது. மார்லா ஏழாவதாக வந்தாள். பதினொன்றாவது பெயருக்குப் பிறகு அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதான் மேடம்."

"அந்தத் தாள்ல கீழ ஏதாவது…"

"இல்ல மேடம். கீழ கையெழுத்துதான் இருக்கு. பொறுப்பாளர் மிஸஸ் விட்லோ, செயலாளர் ஜோனெல் கேட்ஸ்." சற்றுத் தயங்கியது குரல். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, நான் இதைச் சொல்லியாகணும். சங்கத்தோட எழுத்து, பூ, பேட்ஜ் எல்லாம் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். பேட்ஜ் ஏதாவது உங்ககிட்ட இருந்தா, எங்களுக்கு அனுப்பி வச்சிடுங்க. கவர் நாங்களே அனுப்பறோம்."

"ரொம்ப நன்றி," என்றாள் ட்வைலா. எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மறுமுனை வைத்துவிட்டது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். எதிரே நின்ற தன் காரின் பின்கண்ணாடியில் அந்த மூன்று எழுத்துகளைப் பார்த்தாள். வேறு யாருடைய காரையோ பார்ப்பதுபோல் இருந்தது.

பிறகு உள்ளே போய் உட்கார்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தாள். பன்றிக் கொட்டகை ஒன்று எரிந்தது; ஒருவன் தன் விரலை ரம்பத்தில் அறுத்துக்கொண்டான். அந்த அழைப்புகளின் ஒலிப்பதிவு இன்னும் இருக்கிறது. அவள் குரலில் ஒரு குறையும் இல்லை என்று மேலாளர் பின்னாளில் ஆச்சரியப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து பேட்ஜை எடுத்தாள். மற்றவர்களுடைய பேட்ஜில் பின்பக்கம் பெயரின் முதலெழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அவளுடையது மொழுமொழுவென்று இருந்தது. அந்த வருடம் பொறிப்பவர் வரவில்லை என்று அப்போது சொல்லியிருந்தார்கள். மார்லாவுடையதில் பொறித்திருந்ததே, அது எப்படி என்று இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாததே அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்கு ஒரு பத்திரிகை அனுப்பும். அது ட்வைலாவுக்கு வந்ததே இல்லை. "நான் படிச்சிட்டேன், நீ வச்சுக்கோ" என்று ஜோனெல் தன்னுடையதைத் தந்துவிடுவாள். ஒவ்வொரு இதழிலும் அட்டையின் கீழ் மூலை, விலாசம் ஒட்டும் இடம், கிழிந்திருக்கும். ஜோனெல் எதையும் பத்திரமாக வைக்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை பூக்கடை திறந்ததும் போய் நின்றாள். ஜோனெல் சவ ஊர்வலத்துக்கு மலர் வளையம் கட்டிக்கொண்டிருந்தாள். ட்வைலா பேட்ஜை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஜோனெல் அதைப் பார்த்தாள். கம்பி வெட்டும் குறடைக் கீழே வைத்தாள். "அலுவலகத்துக்குப் போன் பண்ணிட்டியா?"

"நீ ஏன் என் பேரை அனுப்பல?"

"உக்காருடி."

"நின்னுக்கறேன். சொல்லு."

ஜோனெல் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். கையெல்லாம் பச்சைக் கறை. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"புதுசா ஒருத்தியைச் சேர்க்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்க ஓட்டுக்குப் பதிலா பெட்டியில ஆளுக்கொரு சின்னக் குண்டு போடுவோம், உனக்குத்தான் தெரியுமே. வெள்ளை போட்டா சம்மதம், கறுப்பு போட்டா இல்ல. ஒரு கறுப்பு விழுந்தாலும் அவ்வளவுதான். பெட்டியோட இழுப்பறையைத் திறந்து பாக்கறது செயலாளர் வேலை. உன் பேருக்குத் திறந்தேன். ஒரு கறுப்பு இருந்துச்சு."

ட்வைலா பேட்ஜை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"தலைவி 'பெட்டி சுத்தமா?'ன்னு கேட்டா. நான் 'சுத்தம்'னு சொன்னேன். சொல்லிட்டு அதை எடுத்துப் பாவாடைப் பையில போட்டுக்கிட்டேன். யோசிக்கவே இல்லடி. உன்னைக் கூட்டிட்டு வந்ததே நான்தானே. நீ சமையல்கட்டுப் படியில உக்காந்து காத்திட்டிருந்த."

"அப்புறம்?"

"மிஸஸ் விட்லோ அப்புறமா குண்டையெல்லாம் எண்ணிப் பெட்டியில வச்சாங்க. கறுப்புல ஒண்ணு குறைஞ்சுது. என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாங்க. நான் அழுதேன். அவங்க சொன்னாங்க, 'இனி வெளிய சொன்னா வீட்டுக்கே கேவலம். அந்தப் பொண்ணு சடங்குல நிக்கட்டும். பேர் மட்டும் மேல போகாது. யார் போய்ப் பாக்கப்போறா?'ன்னு. அந்தம்மா செத்தும் போயிட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் உன்கிட்ட சொல்லிடணும்னு நெனப்பேன். ஒவ்வொரு வருஷமும் நீ அப்பத்துக்கு மாவு கலக்கிட்டு நிப்ப. எப்படிச் சொல்வேன்?"

"பத்திரிகை மூலையைக் கிழிச்சது?"

"நான்தான். என் பேர் இருக்குமே. உனக்கு ஏன் தனியா வரலைன்னு நீ கேட்டுடக்கூடாதுன்னு."

திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்டவும் வரவில்லை. இவள் ஏமாற்றினாளா, காப்பாற்றினாளா என்று மனது எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "கறுப்பு போட்டது யாரு?"

"குண்டுல பேரா எழுதியிருக்கு? சத்தியமா தெரியாதுடி. நான் இல்ல, அது மட்டும் தெரியும்."

அன்று முழுக்க ட்வைலா அந்த வீட்டிலிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாக மனத்தில் நிறுத்திப் பார்த்தாள். அவள் தட்டு கழுவும் ஏப்ரனோடு வந்தபோது மூக்கைச் சுளித்த வங்கிக்காரர் மகள். அவளை எப்போதும் வேறு பெயரில் அழைத்த டல்லஸ்காரி. முப்பது பேரையும் சந்தேகப்பட்டாள். சாயங்காலம் ராய்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப நீ இருபத்தஞ்சு வருஷமா அந்தச் சங்கத்துல இல்லவே இல்லையா?"

"இல்ல."

"அந்த அப்பமெல்லாம் சுட்டது?"

"சும்மா சுட்டிருக்கேன்."

"அட கடவுளே," என்றான். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு நீ போகப்போறதில்லையே?" என்று கேட்டான்.

"போவேன். நேர்ல சொல்லிட்டு வந்துடறேன். குத்திக்கறதா இல்ல."

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பச்சை குத்தும் கடைக்கு அவள் போனபோது மார்லா ஏற்கனவே நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். ரீனி என்கிற பெண், எங்கள் ஊர் தபால்காரர் மகள், கணுக்காலில் இரண்டு இதழ் முடித்திருந்தாள். டீனா மார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜோனெல் கதவோரம் நின்றாள். வந்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் வந்திருந்தாள்.

"வாடி! பிரசவத்துக்கு இது பரவாயில்ல," என்றாள் மார்லா.

ட்வைலா நின்றபடியே சொன்னாள். அலுவலகம் படித்த பதினோரு பெயர், மொழுமொழு பேட்ஜ், பெட்டி, பாவாடைப் பை எல்லாவற்றையும், வேறொருவருக்கு நேர்ந்த விபத்தைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். ரீனியின் இயந்திரம் நின்றுவிட்டது.

மார்லா முதலில் சிரித்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்தது. "யாருடி அவ? பேரைச் சொல்லுங்க. இந்தக் காலோட நொண்டிக்கிட்டே போய் அவ வீட்டு வாசல்ல நிக்கறேன். யாரு?"

"நான்தான்," என்றாள் டீனா.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அல்லது கேட்டதை நம்பவில்லை. டீனா மார்லாவின் கையை விட்டுவிட்டு மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"கறுப்பு போட்டது நான்தான் ட்வைலா."

டீனாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்த வருடம், மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, லிட்டில் ராக் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவளைக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தது ட்வைலா. வழியில் நிறுத்தி, அவள் வாந்தியெடுக்கும்போது தலையைத் தாங்கிப் பிடித்தது ட்வைலா. முப்பது பேரையும் சந்தேகப்பட்டவள் இவள் பெயரை நினைக்கக்கூட இல்லை.

"ஏன்?" என்றாள்.

"நீ சாப்பாட்டுக் கூடத்துல வேலை பாத்த. நான் சாப்பிட்டுட்டுப் பின்னால போய் வாய்க்குள்ள விரல் விட்டு எல்லாத்தையும் வெளிய கொண்டுவருவேன். தினமும். நீ ரெண்டு தடவை பாத்துட்ட. ஈரத்துணி குடுத்து, டாக்டரைப் பாருன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"உனக்கு வயிறு சரியில்லைன்னு நெனச்சேன்."

"நீ யார்கிட்டயும் சொல்லல. ஆனா அதே வீட்டுக்கு நீ வந்துட்டா, தினமும் ஒரே மேசையில எனக்கு எதிர்ல உக்காருவ. பயந்துட்டேன். அன்னிக்குக் கை தானா கறுப்பை எடுத்துச்சு. அப்புறம் 'பெட்டி சுத்தம்'னாங்க. எனக்கு மயக்கமே வந்துச்சு. நான் போட்டது கறுப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா சுத்தம்! கடவுள் என் பாவத்தைப் பொறுக்காம உள்ள விழும்போதே அதை வெள்ளையா மாத்திட்டார்னு நெனச்சேன். இன்னிவரைக்கும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். அதை நெனச்சுத்தான் நான் ஜெபமே பண்ண ஆரம்பிச்சேன்."

அவள் மெல்லத் திரும்பிக் கதவோரம் பார்த்தாள். "நீயா எடுத்த ஜோனெல்?"

"நான்தான்."

"கடவுள் இல்லடி," என்றாள் மார்லா, தன்னையறியாமல். "ஜோனெல்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கடையில் அன்று அதிகம் அடிபட்டது யார் என்று கேட்டால் ட்வைலாவாலேயே சொல்ல முடிந்திருக்காது. அவள் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்க் காரில் ஏறினாள்.

"மேடம், இதை முடிச்சிடட்டுமா?" என்று ரீனி கேட்டாள்.

"வேணாம்," என்றாள் மார்லா. "அவ ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்." அப்படியே இரண்டு இதழோடு எழுந்து போனாள். ஏழு வாரம், வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் கணுக்காலைப் பார்த்து, பட்டாம்பூச்சியா என்று கேட்டார்கள்.

அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து கவர் வந்தது. பேட்ஜைத் திருப்பி அனுப்ப ஒரு சிறு உறை. கூடவே ஒரு கடிதம்: தவறு நேர்ந்ததற்கு வருந்துகிறோம், விரும்பினால் புதிதாகச் சேர விண்ணப்பிக்கலாம், உள்ளூர்க் கிளை வாக்களித்து முடிவு செய்யும். ட்வைலா 'வாக்களித்து' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். விண்ணப்பத்தைக் குப்பையில் போட்டாள். பேட்ஜை உறையில் போட்டு ஒட்டினாள். அதைத் தபாலில் சேர்த்த பிறகு கார்க் கண்ணாடியிலிருந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்தாள். பசை போக ஒரு மணி நேரம் ஆனது.

நவம்பர் கடைசியில் ஜோனெல் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. புதுப் பத்திரிகையை நீட்டினாள். மூலை கிழியவில்லை, ஜோனெலின் பெயரும் விலாசமும் அதில் இருந்தன. "குடுக்கறதுக்கு எனக்கு வேற யாரும் இல்ல," என்றாள். ட்வைலா வாங்கிக்கொண்டாள். வா என்று சொல்லவில்லை. ஆனால் அன்று உட்கார்ந்து அதை முழுவதும் படித்தாள்.

டீனா போனும் செய்யவில்லை, எழுதவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நோய் வந்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட ட்வைலா அவள் வீட்டு வாசலில் போய் நின்ற அதே நேரத்துக்கு, ட்வைலா வீட்டெதிரே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி கழித்துப் போய்விட்டாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். மூன்றாவது செவ்வாய் ராய்ஸ் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போதகர் சம்சாரம் நம்ம வீட்டைக் காவல் காக்கறாங்க. நாய் ஒண்ணு வாங்கற செலவு மிச்சம்."

நான்காவது செவ்வாய் ட்வைலா காப்பிக் கோப்பையோடு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். டீனாவுக்குக் காப்பி கொண்டுபோகவில்லை.

"மன்னிப்பு கேக்கத்தான் வர்றேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரமாட்டேங்குது," என்றாள் டீனா.

"நீ கறுப்பு போட்டது எனக்குப் பெரிசில்ல. அன்னிக்கு நான் உனக்கு யாரு? தட்டு கழுவறவ. ஆனா நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன் டீனா. செத்துப்போனவங்களைக்கூட. உன்னை மட்டும் விட்டுட்டேன். அதைத்தான் என்னால தாங்க முடியல."

டீனா அழுதாள். ட்வைலா அவளைச் சமாதானப்படுத்தவில்லை; இறங்கியும் போகவில்லை. காப்பி தீர்ந்த பிறகு சொன்னாள்: "இந்தச் சனிக்கிழமை ரீனி கடைக்குப் போறேன். ரெண்டு மணிக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. குத்தினப்புறம் சிலருக்குத் தலை சுத்துமாம், கார் ஓட்டக் கூடாதாம்."

"நான் குத்திக்க மாட்டேன் ட்வைலா. எனக்கு அந்தத் தகுதி…"

"உன்னைக் குத்திக்கச் சொல்லல. கார் ஓட்டச் சொன்னேன்."

ஏன் குத்திக்கொள்கிறாய் என்று ராய்ஸ் கேட்டதற்கு அவளால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. டாக்வுட் நம் வீட்டுப் பின்பக்கமும்தான் பூக்கிறது, அதற்கு எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்கினோம் என்றாள். பிறகு, அப்பா இறந்தபோது அந்தப் பத்தொன்பது பேர் வந்து நின்றது நிஜம்தானே என்றாள். அவன் தலையாட்டினான். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சனிக்கிழமை காலையில் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்து, வெறும் வயிற்றோடு போகாதே என்றான்.

மார்லாவுக்கு மீதி இரண்டு இதழ் ஆனது. பழைய இதழ்களைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது என்று ரீனியோடு சண்டை போட்டாள். எண் வேண்டாம் என்றுவிட்டாள். ஜோனெல் குத்திக்கொண்டாள், முழு நேரமும் அழுதுகொண்டே. ட்வைலா முன்கையில், முழங்கைக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் குத்தச் சொன்னாள்.

"கீழ ஏதாவது எழுதணுமா மேடம்?" என்றாள் ரீனி.

"ஒண்ணும் வேணாம்."

ஊசி பட்டதும் அவள் 'அம்மா' என்றாள். அவசர மையத்துக்காரி கத்தியதை மார்லா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டீனா சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது டீனாதான் ஓட்டினாள். ட்வைலா உறை சுற்றிய கையை மடியில் வைத்திருந்தாள். கார் பாலத்தைத் தாண்டியது.

"வலிக்குதா?" என்றாள் டீனா.

"வலிக்குது," என்றாள் ட்வைலா. "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."